வெர்னா மலை ஏறுகிறாள்

சர்ச் விருந்துக்கு ஏற்கெனவே அரை மணி தாமதம். வெர்னா ஸ்டென்ருட் வண்டியைச் சாலையோரம் நிறுத்தி இறங்கி, ஒரு பிடி காய்ந்த புல்லைத் தோளுயரத்திலிருந்து நழுவவிடுகிறாள். அது விழும் திசையைப் பார்க்கிறாள். பிறகு எதிர்மேட்டுப் புதர்கள் சாயும் திசையைப் பார்க்கிறாள். இரண்டும் ஒத்துப்போகவில்லை. வண்டிக்குள், கணவன் கெர்மிட்டின் மடியில் உருளைக்கிழங்குப் பதார்த்தம் ஆறிக்கொண்டிருக்கிறது.

"இந்த ஊர்ல காத்தடிக்குதான்னு பாக்கப் புல்லு வேணுமா? என் தொப்பி போன வாரமே பக்கத்து ஊருக்குக் குடி போயிருச்சு. ஏறும்மா!"

"இங்க ஒரு பக்கம் அடிக்குது, அங்க வேற பக்கம். நடுவுல போற தோட்டா என்ன பண்ணும்?"

"என்னமோ பண்ணட்டும். பசியோட உக்காந்திருக்குற ஜனம் என்ன பண்ணும்னு யோசி."

மொன்டானாவின் மலையடிவாரப் பண்ணைகளுக்கு இருபத்தொரு வருடமாகத் தபால் கொண்டுபோகிறவள் வெர்னா. வயது ஐம்பத்தாறு; வருடாவருடம் எல்க் மான் வேட்டைக்கும் போகிறவள். ஊருக்கு வெளியே சுடுகளம் இருக்கிறது. சிமெண்டு மேசையில் மணல்மூட்டை வைத்து, அதன்மேல் துப்பாக்கியைச் சாய்த்து எண்ணூறு கெஜத்துக்குச் சுட்டுவிட்டுப் பெருமை பேசலாம். அவள் அங்கே போவதில்லை. "எல்க் மான் என்ன, நமக்கு மேசை போட்டு வச்சிட்டா வந்து நிக்கும்?"

ஜூலையிலிருந்து இதுதான் வழக்கம். இருபத்தைந்து பவுண்டுப் பையைத் தூக்கிக்கொண்டு சரிவில் ஓடுவாள். நெஞ்சு படபடக்கும்போதே முள்ளிலோ கல்லிலோ விழுந்து, பையின்மேல் துப்பாக்கியைச் சாய்த்து, அரை நிமிடத்துக்குள் சுடவேண்டும். தூரம் சொல்லாமல் குறிக்குக் காகிதத் தட்டுகளை நட்டுவிட்டு, திரும்ப ஏறிவந்து கடிகாரம் பார்ப்பது கெர்மிட்டின் வேலை. அவனுக்கு ஒரு முழங்கால் சரியில்லை. மழை பெய்தால் ஊரே உள்ளே போகும்; வெர்னாவோ, "மழை! கிளம்பு, கிளம்பு!" என்று பூட்ஸை மாட்டுவாள். குளிரில் விரல் பழகவேண்டும் என்று தடித்த கையுறையோடு சூப் குடிக்கிறாள். பாதி மேசைவிரிப்புக்குப் போகிறது.

அசையாமல் படுத்துச் சுட்டால் அறுநூறு கெஜத்திலும் தட்டு தப்பாது. ஓடி வந்து, காற்றில் சுட்டால் முந்நூற்றைம்பதுக்கு மேல் நம்பிக்கை இல்லை.

செப்டம்பரில் ஒருநாள் சலவை இயந்திரத்திலிருந்து நான்காவது தோட்டா உறையை எடுத்தபோது கெர்மிட்டின் பொறுமை போய்விட்டது. "போன வருஷம் நீ தப்பாச் சுட்டதுக்கு, இந்த வருஷம் எனக்கெதுக்கு தண்டனை?"

வெர்னா கரண்டியைக் கீழே வைத்தாள். போன வருடம் ஐந்நூறு கெஜத்துக்கு அப்பால் நின்ற எல்க் கிடாவைச் சுட்டது அவள்தான். தோட்டா வயிற்றில் பட்டிருந்தது. இரண்டு நாள் இரத்தத்தடம் பார்த்துப் போனார்கள். மூன்றாம் நாள் பனி கொட்டித் தடத்தை மூடிவிட்டது.

"ரெண்டு நாள் தேடினோம். அது எத்தனை நாள் உயிரோட கெடந்துச்சுன்னு உனக்குத் தெரியுமா, கெர்மிட்?"

மறுநாள் அவள் கூப்பிடாமலே கெர்மிட் தட்டுகளை எடுத்துக்கொண்டு முன்னால் நடந்தான். முனகலை மட்டும் விடவில்லை.

வேட்டைக்காலம் தொடங்கிய காலை. முகட்டில் இருவரும் குப்புறப் படுத்திருந்தார்கள். எதிர்ச்சரிவில் பெரிய கிடா ஒன்று பக்கவாட்டில் நின்றது. கெர்மிட் தூரம் பார்த்தான்: நானூற்று எழுபது. காற்று காதில் இரைந்தது.

வெர்னா கன்னத்தைத் துப்பாக்கியோடு ஒட்டினாள். வெகுநேரம் சுடவில்லை.

"நாலு மாசமா என்னை நாயா அலைய வச்சது இதுக்குத்தானே? நிக்குது பாரு! சுடும்மா!" என்று பல்லைக் கடித்துக்கொண்டு கிசுகிசுத்தான் கெர்மிட்.

அவள் துப்பாக்கியின் தாழ்ப்பாளை மெல்லப் பின்னுக்கு இழுத்துத் தோட்டாவை வெளியே எடுத்தாள். அதைச் சட்டைப்பையில் போட்டுப் பொத்தானை மாட்டிவிட்டு, முழங்கைகளை ஊன்றி, இன்னும் நூற்றிருபது கெஜம் நெருங்க, கிடா நின்ற திசையில் சரிவில் ஊர்ந்து இறங்கத் தொடங்கினாள்.