உனக்க ஆளுக யாரு?

ஒரு ஆளுக்குச் சோறு வடிக்க எவ்வளவு அரிசி போட வேண்டும் என்பது இருபத்தொரு வயதுவரை எனக்குத் தெரியாது. இதைச் சொன்னால் என் மகள் விழுந்து விழுந்து சிரிக்கிறாள். சிரிக்கட்டும். நான் வளர்ந்தது நெய்யாற்றின்கரைக்குப் பக்கத்தில் ஒரு பாலர் இல்லத்தில். அங்கே அரிசி கூடையில் வந்து பெரிய வார்ப்புப் பாத்திரத்தில் விழும். மணி அடித்ததும் நூறு பிள்ளைகள் தட்டோடு வரிசையில் நிற்போம். அளவு கேட்டால் ‘வார்ப்பு நிறைய’ என்றுதான் சொல்லத் தெரியும்.

பதினெட்டு வயதானால் இல்லத்தை விட்டுப் போய்விட வேண்டும். எங்கே போவது என்பதற்கு அதுவரை யாரிடமும் நல்ல பதில் இருந்ததில்லை. எனக்குப் பதினெட்டு ஆனது தொண்ணூறுகளின் தொடக்கத்தில். அந்தச் சமயத்தில்தான் எங்கள் பகுதி திருச்சபைக்காரர்கள் கொல்லயில் என்ற ஊரில் ஒரு பழைய ஓட்டு வீட்டை வாடகைக்கு எடுத்து, என்னைப் போல் பல இல்லங்களிலிருந்து வெளியே வந்த பெண்களைக் குடிவைத்தார்கள். வேலைக்குப் போகலாம், சம்பளத்தில் ஒரு பங்கு சாப்பாட்டுக்குக் கொடுக்கலாம், சொந்தக் காலில் நிற்கத் தெரியும்வரை இருக்கலாம். பெயர்ப்பலகை கிடையாது. நாங்கள் அதை ‘வீடு’ என்றுதான் சொன்னோம். பேருந்தில் பக்கத்து இருக்கைக்காரி எங்கே போகிறாய் என்று கேட்டபோது, “வீட்டுக்குப் போறேன்” என்று முதன்முதலாகச் சொன்னேன். சொல்லிவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். கண் நிறைந்துவிட்டது.

வீட்டைப் பார்த்துக்கொண்டவரை நாங்கள் சேச்சி என்று அழைத்தோம். அவருக்கு அப்போது முப்பது ஆகியிருக்காது. அவரும் இல்லத்தில் வளர்ந்தவர்தான். எங்களை அதட்டும் உரிமை அவருக்கு இருந்தது, அதட்டத்தான் வராது. வீட்டில் எல்லாமே முறை. அடுக்களை முறை, தண்ணீர் முறை, முற்றம் பெருக்கும் முறை. சனிக்கிழமை சாயங்காலம் முன்னறையில் எல்லோரும் தரையில் உட்காருவோம். “திங்கள் அடுக்களை யாரு?” என்று சேச்சி கேட்பார். முடிந்தவள் கையைத் தூக்குவாள். கையைத் தூக்கச் சொல்லி அங்கே யாரும் சட்டம் போடவில்லை. பழக்கம். இன்னொரு கரண்டி மீன்குழம்பு வேண்டுமென்றாலும் கையைத்தான் தூக்குவோம். சேச்சி தலையில் அடித்துக்கொள்வார்.

இப்போது நினைத்தால் அந்த வீட்டில் ஒரு நாளும் சும்மா இருந்ததாக ஞாபகம் இல்லை. பின்பக்கம் மரச்சீனிக் கிழங்கு நட்டோம். முற்றத்தில் கயிறு கட்டி ஷட்டில் ஆடினோம். ஓணத்துக்குப் பக்கத்து வீட்டுப் பிள்ளைகளோடு சேர்ந்து பூக்களம் போட்டோம். கிறிஸ்துமஸுக்குக் கேரல் பாடிக்கொண்டு கொல்லயில் ஊர் முழுக்கச் சுற்றினோம். அம்பலத்துக்குப் போகிற இந்து வீடுகளிலும் உட்காரவைத்துச் சாயாவும் அச்சப்பமும் தந்தார்கள். பாட்டில் இரண்டாம் குரல் என்னுடையது. சண்டையில் முதல் குரல் என்னுடையது. மூக்குக்கு மேல் கோபம் எனக்கு. அந்தக் கோபத்தோடுதான் என்னை அவர்கள் வைத்துக்கொண்டார்கள்.

பாறசாலையில் ஒரு துணிக்கடையில் எனக்கு வேலை. கால் கடுக்க நின்றாலும் பிடித்த வேலை. மூன்றாம் வருடம் ஏப்ரலில் சேச்சி என்னைத் தனியாகக் கூப்பிட்டார். ஜூனில் இல்லத்திலிருந்து ஒரு பெண் வெளியே வருகிறாள், அவளுக்குக் கட்டில் வேண்டும், வீட்டில் நீண்ட காலமாக நிலையான வேலையோடு இருப்பவள் நான் ஒருத்திதான். சொல்லி முடிப்பதற்குள் சேச்சியின் கண்ணில்தான் முதலில் நீர் வந்தது. “அவ வரட்டு சேச்சி. நான் பாத்துக்கிடுவேன்” என்று வீரமாகச் சொல்லிவிட்டேன். எங்கே போவேன் என்பது எனக்கே தெரியாது.

கல்யாணமாகாத பெண்ணுக்கு யார் வாடகைக்கு இடம் தருவார்கள்? கடை முடிந்ததும் பாறசாலையில் வாசல் வாசலாகப் போனேன். எல்லா வாசலிலும் ஒரே கேள்வி. “உனக்க ஆளுக யாரு?” கெட்ட எண்ணத்தோடு யாரும் கேட்கவில்லை. முதல் வீட்டில் தலையைக் குனிந்துகொண்டேன். இரண்டாம் வீட்டில் மெதுவாக விளக்கினேன். மூன்றாம் வீட்டில், “ஆளுக இருந்தா நான் என்னத்துக்கு இஞ்ச வந்து நிக்கியேன்?” என்று கேட்டுவிட்டேன். கதவு சாத்திக்கொண்டது.

“உனக்க நாக்க கொஞ்சம் மடக்கி வையி மக்கா” என்றார் சேச்சி.

மே மாதம் பாதி போயிருந்தபோது, கடையில் பில் போடும் அக்கா ஒரு இடம் சொன்னார். அரசுப் பேருந்துக் கண்டக்டர் ஒருவரின் வீடு. பக்கவாட்டில் சாய்ப்பு இறக்கித் தனியாக ஒரு ரூம் கட்டியிருந்தார்கள். அந்த வீட்டுக்காரம்மா என்னை ஏற இறங்கப் பார்த்தார். “நீ இருக்கிய இடத்த ஒண்ணு பாக்கணும் பிள்ளே. சனியாழ்ச்ச வாறோம்” என்றார்.

வீடே அல்லோலகல்லோலப்பட்டது. ‘சாதாரண வீடு மாதிரி இருங்க, அது போதும்’ என்று சேச்சி சொன்னார். நாங்கள் ஒருவரை ஒருவர் பார்த்துப் பேந்தப் பேந்த விழித்தோம். சாதாரண வீடு எப்படி இருக்கும்? எங்களில் ஒருத்திதான் காட்டாக்கடையில் ஒரு வீட்டில் குழந்தை பார்க்கும் வேலைக்குப் போய்வந்தாள். அவளை நடுவில் உட்காரவைத்துக் கேட்டோம்.

“வீட்டுல யாரும் வரிசையா நிக்கமாட்டாவ. ஒருத்தி கிணத்தடியில நிப்பா. ஒருத்தி தலவலின்னு படுத்துக் கிடப்பா. ரெண்டு பேருக்க எடையில சண்ட நடக்கும். ஆளு வந்தா ஒரே ஒருத்தி எழும்பி, ‘வாருங்க, இருங்க’ன்னு சொல்லுவா. மத்தவ திரும்பிக்கூடப் பாக்கமாட்டாவ” என்றாள்.

அதன்படி வேலை பிரித்தோம். கிணற்றடிக்கு ஒருத்தி, தலைவலிக்கு ஒருத்தி, பூ கட்ட இரண்டு பேர். சண்டை போட வேண்டியவள் நான் என்று யோசிக்காமலே முடிவானது. எனக்கு ரோசம் பொத்துக்கொண்டு வந்தது. அதற்கும் ஒரு சண்டை போட்டேன். “கொள்ளாம், இதத்தான் அண்ணைக்கும் செய்யணும்” என்று மெச்சினாள் காட்டாக்கடைக்காரி.

சனிக்கிழமை சாயங்காலம் ஆட்டோ வந்து நின்றது. கண்டக்டரும் அவர் மனைவியும் இறங்கி வாசலில் காலை வைத்தார்கள். அவ்வளவுதான். கிணற்றடியில் நின்றவள் வாளியைப் போட்டுவிட்டு ஓடிவந்தாள். தலைவலிக்காரி துள்ளி எழுந்தாள். பூ மடியிலிருந்து சிதறியது. கண் இமைப்பதற்குள் நாங்கள் அத்தனை பேரும் உயரப்படி வரிசையில் நின்று, கை கூப்பி, ஒரே ராகத்தில் “குட் ஈவினிங்” சொல்லிவிட்டோம். சொன்னதோடு நின்றோமா? வரவேற்புப் பாட்டை ஒருத்தி எடுத்துவிட்டாள். இல்லத்துக்கு விருந்தாளி என்று வந்தவர்கள் எல்லாம் துணியும் பிஸ்கட்டும் கொண்டுவந்தவர்கள்தான். அவர்களுக்கு வரிசையில் நின்று பாடுவோம். வேறு வகை விருந்தாளியை நாங்கள் கண்டதே கிடையாது. ஐயோ, நிறுத்துங்களேன் என்று மனசுக்குள் கத்துகிறேன், என் வாயோ இரண்டாம் குரலைச் சுத்தமாகப் பிடித்துக்கொண்டிருக்கிறது.

சேச்சியின் முகத்தில் ஈயாடவில்லை. கண்டக்டர் மட்டும், “பாட்டு கொள்ளாம் கேட்டோ” என்று மெச்சினார். அந்த அம்மாளோ மெதுவாகக் கைப்பையைத் திறந்து உள்ளே கையைவிட்டார்.

எனக்குக் கோபம் உச்சந்தலைக்கு ஏறிவிட்டது. வரிசையை விட்டு முன்னால் வந்தேன். “மாமி, பைய மூடுங்க. ஒண்ணும் தரண்டாம். எனக்கு வாடகைக்கு ஒரு ரூமுதான் வேணும்.”

அவர் கை பைக்குள்ளேயே நின்றது. “கண்ணாடி எடுக்கியேன் பிள்ளே. இது இல்லேன்னா எனக்கு மொகம் தெரியாது. இத்தன பேருல ரூமு கேட்டவ யாருன்னு பாக்கண்டாமா?” என்று கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டார். எனக்குப் பூமி பிளந்து உள்ளே போய்விடலாம் போலிருந்தது. பின்னால் தலைவலிக்காரி சிரிப்பை அடக்க முடியாமல் இருமினாள்.

அவர் நாற்காலியில் உட்கார்ந்து எங்கள் எல்லோரையும் பொறுமையாகப் பார்த்தார். பிறகு கேட்டார். “நான் ஒண்ணு கேக்கியேன், கோவப்படப்பிடாது. இவ அங்க ஒத்தைக்குக் கெடக்கப்போறா. ஒரு சொகக்கேடு வந்தா நான் யாருக்கிட்ட சொல்லணும்? இவளுக்க ஆளுக யாரு?”

பாறசாலை முழுக்கக் கேட்ட கேள்விதான். ஆனால் அன்று அதைக் கேட்டது என்னிடம் இல்லை, அந்த முன்னறையிடம். எல்லோரும் கையைத் தூக்கினார்கள். கிணற்றடிக்காரி ஈரக்கையைத் தூக்கினாள். காட்டாக்கடைக்காரி தூக்கினாள். போன மாதம் என்னோடு பேசாமல் இருந்தவளும் தூக்கினாள். சேச்சியின் கையும் மேலே இருந்தது. நடுவில் நான் மட்டும் கை தூக்காமல் நின்று அழுதேன்.

வீட்டுக்காரம்மா கண்ணாடியைக் கழற்றிச் சேலை முந்தியில் துடைத்தார். அடுக்களையைப் பார்க்க வேண்டும் என்றார். அங்கே அடுப்பில் ஒரு பெரிய குட்டுவம் நிறைய மரச்சீனி வேகுவதைப் பார்த்து, “எந்தாணு விசேஷம்?” என்று கேட்டார் கண்டக்டர்.

“ஒரு விசேஷமும் இல்ல. உங்க ரெண்டு பேருக்கும் ஆக்கும்” என்றாள் அன்றைய அடுக்களை முறைக்காரி.

போகும்போது ஆட்டோவில் ஏறி உட்கார்ந்த பிறகுதான் அந்த அம்மாள் பதில் சொன்னார். “ஒண்ணாந்தேதி வந்துரு.”

ஒன்றாம் தேதி போனேன். சாய்ப்பில் ஒரு பாய், ஒரு மண்ணெண்ணெய் அடுப்பு, வீட்டுப் பெண்கள் சேர்ந்து வாங்கித் தந்த பானை. புதிதாய் வருகிற பெண்ணுக்கு என் கட்டிலைத் துடைத்து விரித்துவிட்டுத்தான் வந்திருந்தேன். அன்றைக்கு முதன்முதலாகத் தனியாக உலை வைத்தேன். எவ்வளவு குறைத்துப் போட்டேன் என்று எனக்குத்தான் தெரியும். ஆனாலும் சோறு பொங்கிப் பானை வாயைத் தாண்டி வழிந்தது. அதைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தேன். ‘இன்னைக்கு அடுக்களை யாரு?’ என்று கேட்க ஒரு குரல் இல்லாத அந்த அமைதி இருக்கிறதே, அதைப் போல் ஒரு பயத்தை நான் அனுபவித்ததில்லை. சொகக்கேடு வந்தால் யார் என்ற கேள்வி அப்போதுதான் எனக்குள்ளும் வந்தது. கொல்லயில் ஒன்றும் வெகுதூரம் இல்லை. ஆனால் கையைத் தூக்கிவிடுவது லேசு. அவரவருக்கு வேலை, அவரவருக்குக் கஷ்டம்.

அந்தக் கேள்விக்குப் பதில் மழைக்காலம் முடிவதற்குள் வந்துவிட்டது. கண் மஞ்சளித்தது. கடையில் மயங்கி விழுந்தேன். வீட்டுக்காரம்மாதான் என்னைக் காரக்கோணம் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார். மஞ்சள்காமாலை, பத்தியம் இருக்க வேண்டும், எழுந்து நடமாடக் கூடாது என்றார்கள். சாய்ப்பில் கொண்டுவந்து கிடத்தினார்கள். கண்டக்டர் மறுநாள் தன் வண்டியில் ஏறிய எங்கள் வீட்டுப் பெண் ஒருத்தியிடம் விவரம் சொல்லி அனுப்பினார்.

அன்று சாயங்காலமே வாசலில் செருப்புச் சத்தம். திறந்த கதவு வழியாகப் பார்க்கிறேன், மொத்த வீடும் முற்றத்தில் நிற்கிறது. வரிசையில்தான். என் கட்டிலில் இப்போது படுக்கிற புதுப்பெண்ணும் வரிசைக் கடைசியில் நின்றாள்.

சேச்சி என்னைத் திரும்ப அழைத்துப் போகத்தான் வந்திருந்தார். வீட்டுக்காரம்மா விடவில்லை. “நடக்கப்பிடாதுன்னு டாக்டர் சொல்லியிருக்கு. பஸ்ஸுல குலுக்கிக் கொண்டுபோவண்டாம். இஞ்சயே கெடக்கட்டும். ராத்திரி நான் பாத்துக்கிடுவேன், பகலுக்கு ஆளு வந்தாப் போதும்” என்றார்.

சேச்சி என் பாயின் கால்மாட்டில் உட்கார்ந்தார். மற்றவர்கள் உள்ளே கொள்ளும் மட்டும் நெருக்கி உட்கார்ந்தார்கள். சனிக்கிழமை முன்னறை அப்படியே பெயர்ந்து சாய்ப்புக்குள் வந்ததுபோல் இருந்தது. “திங்கள் யாரு?” என்று சேச்சி கேட்டார். கிணற்றடிக்காரியின் கை எழுந்தது. “செவ்வாய்?” இரண்டு கைகள். புதன்கிழமைக்குப் புதுப்பெண் கை தூக்கினாள். அவள் பெயரைக்கூட அப்போது நான் சரியாகக் கேட்டிருக்கவில்லை.

இல்லத்தில் நாங்கள் நன்றி சொல்லிச் சொல்லியே வளர்ந்தவர்கள். துணிக்கு நன்றி, பழத்துக்கு நன்றி, பாடிப் பாடி அந்தச் சொல்லுக்கே ருசி போய்விட்டிருந்தது. இவர்கள் முன்னால் படுத்துக்கிடந்தபோது, யாரும் கேட்காமல், ராகம் இல்லாமல், அது எனக்குள் நிறைந்து வந்தது. இன்றைக்கும் வற்றவில்லை.

“வியாழன்?” என்றார் சேச்சி.

கை எழவில்லை. ஒருத்திக்குப் பரீட்சை, ஒருத்திக்கு முதலாளி லீவு தர மாட்டார், இன்னொருத்தி ஏற்கெனவே செவ்வாய்க்குச் சம்மதித்திருந்தாள். எல்லோரும் தரையைப் பார்த்தார்கள். வியாழன் நான் தனியாகவே இருந்துகொள்வேன் என்று சொல்ல வாயைத் திறந்தேன்.

அப்போது புதுப்பெண் என் தோளைத் தொட்டு வாசல் பக்கம் காட்டினாள். வீட்டுக்காரம்மா அங்கே நின்றுகொண்டிருந்தார். வலது கையில் எனக்கான கஞ்சிப் பாத்திரம் இருந்ததால், இடது கையைத் தூக்கியிருந்தார்.