அளவு மாறாத ஸ்கர்ட்

என் அக்கா தையல்காரி. பள்ளிச் சீருடைதான் அவள் பிழைப்பு. ஊர்ப் பிள்ளைகளின் இடுப்பளவெல்லாம் அவளுக்கு மனப்பாடம். அவளுக்கு ஒரே மகள், ஒன்பது வயது. வீட்டில் எல்லோருக்கும் அவள் பொடிசு. மூன்று வருடமாகப் பொடிசுக்கு ஒரே ஸ்கர்ட்.

"மத்ததுங்க வருஷத்துக்கு ரெண்டு கிழிக்குது. என் பொண்ணு எப்படி வச்சுக்கிறா பாருடி!" என்று அக்கா பீற்றிக்கொள்வாள். நானும் ஆமாம் போட்டேன். என்னைச் செருப்பால் அடிக்க வேண்டும். பிள்ளை வளரவே இல்லை என்பது எங்கள் இரண்டு பேர் மண்டையிலும் உறைக்கவில்லை.

வகுப்பில் உட்கார்ந்தபடியே தூங்குகிறாள் என்று டீச்சர் சொல்லி அனுப்பிய பிறகுதான் ஆஸ்பத்திரிக்கு ஓடினோம். ரத்தப் பரிசோதனை செய்த டாக்டரம்மா, தைராய்டு சுரப்பது மிகக் குறைவு, அதனால்தான் வளர்த்தி நின்றுவிட்டது என்றார். தினமும் காலையில் வெறும் வயிற்றில் ஒரு மாத்திரை. ஒரு நாள்கூட விடக் கூடாது.

மூன்று மாதத்தில் தூங்குமூஞ்சி வாயாடியாகிவிட்டது. ஆனால் ஸ்கர்ட் இடுப்பில் நிற்கவில்லை. தையல்காரி கண் இடுப்பைத்தானே பார்க்கும்? அக்கா இரண்டு அங்குலம் பிடித்துத் தைத்தாள். மறுவாரம் இன்னும் ஒன்று. மாத்திரைதான் பிள்ளையை உருக்குகிறது என்று அவளாகவே முடிவுகட்டி, என்னிடம்கூட மூச்சுவிடாமல் நிறுத்திவிட்டாள்.

பதினோரு நாள்! மாத்திரை அட்டை பிரிக்காமல் கிடந்ததைப் பார்த்து நான் கத்திய கத்தலில் தெருவே எட்டிப் பார்த்தது. கையோடு இரண்டு பேரையும் ஆஸ்பத்திரிக்கு இழுத்துக்கொண்டு போனேன்.

"அது சதை இல்லம்மா, வீக்கம். மாத்திரை போட்டா வடியத்தான் செய்யும்," என்றார் டாக்டரம்மா. பொடிசைச் சுவரோடு நிறுத்தி உயரம் அளந்தார். "மூணு சென்டிமீட்டர் ஏறியிருக்கா."

சந்தோஷத்தில் எனக்கு அழுகையே வந்துவிட்டது. அக்காவுக்கு மட்டும் மனசு ஆறவில்லை.

"நான் நிறுத்துன பதினோரு நாள்ல ஏதாவது கெட்டுப்போச்சா டாக்டர்?"

"பதினோரு நாளைப் பிடிச்சிடலாம். முன்னாடி மூணு வருஷம் போச்சே, அதுல எவ்வளவு திரும்பும்னு இப்போ சொல்ல முடியாது. இனிமே விடாம குடுங்க."

அக்கா முகம் வெளுத்துவிட்டது. பொடிசு எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். பிறகு தானாகவே சுவரோடு போய் ஒட்டி நின்றாள்.

"இன்னொரு வாட்டி அளங்க டாக்டர். இப்ப நல்லா நிமிர்ந்து நிக்கிறேன்."