என் பெயரில் போனவள்

பாஸ்போர்ட்டை நம்புவதானால் நான் நான்கு வருஷம் குவைத்தில் இருந்தவள். உண்மையில் சென்னையைத் தாண்டி எங்கும் போனதில்லை. சித்தூரில் ஒரு சின்னப் பள்ளிக்கூடத்தில் தெலுங்கிலும் ஆங்கிலத்திலும் சோஷியல் பாடம் நடத்திக்கொண்டு, வீட்டுக்கு வந்தால் அம்மாவோடு தமிழில் சண்டை போட்டுக்கொண்டு கிடந்தவள். என் பெயரில் அங்கே போனவள் என் தங்கை.

அவளுக்கு அப்போது இருபத்தேழு வயது. கட்டியவன் திருப்பதியில் லாட்ஜ் வேலை என்று சொல்லிப் போனான், போன இடத்திலேயே இன்னொரு குடித்தனம் வைத்துக்கொண்டான். ஏழு வயசுப் பெண்ணைக் கையில் பிடித்துக்கொண்டு அம்மா வீட்டுக்கு வந்து சேர்ந்தாள். நைனா செத்து வெகுகாலம் ஆகியிருந்தது. எங்கள் பக்கத்தில் இப்படி நிற்கிற பெண்ணுக்கு ஊரே கூடி ஒரே வழியைத்தான் காட்டும். குவைத். பக்கத்திலிருக்கும் பாகாலா ஸ்டேஷனில் இறங்கி நாலு பேரை விசாரித்தால் இரண்டு பேர் வீட்டில் யாராவது அங்கே இருப்பார்கள். சந்தைக்குப் போயிருக்கிறாள் என்று சொல்கிற குரலில்தான் குவைத்துக்குப் போயிருக்கிறாள் என்று சொல்வார்கள்.

புத்தலப்பட்டிலிருந்து ஏஜென்ட் ஒருவன் வந்தான். இரண்டு சிக்கல் என்றான். வீட்டு வேலைக்குப் போகிற பெண்ணுக்கு முப்பது வயது ஆகியிருக்க வேண்டும். இவள் பத்தாவது பெயில், அதனால் பாஸ்போர்ட்டில் அரசாங்கத்தின் தனி அனுமதி வேண்டும் என்று முத்திரை விழும், அதை வாங்குவதற்குள் ஆள் கிழவியாகிவிடுவாள். இதையெல்லாம் அம்மாவிடம் சொல்லிவிட்டு என்னைத் திரும்பிப் பார்த்தான். எனக்கு முப்பத்தொன்று. பத்தாவது முதல் வகுப்பு. முகம் இரண்டு பேருக்கும் ஒன்றுதான், சர்ச்சில் பாதிப் பேர் இன்றைக்கும் ஆளை மாற்றித்தான் கூப்பிடுவார்கள். ஒன்றும் ஆகாது, வேண்டுமானால் காணிப்பாக்கம் குளத்தில் முழுகிச் சத்தியம் பண்ணுகிறேன் என்றான் அவன். நாங்கள் வேதக்காரர்கள், எங்களுக்கு எதற்குப் பிள்ளையார் சத்தியம் என்று சிரித்தோம். சிரித்தோம்!

சர்டிபிகேட்டைக் கொடுத்தது நான். யாரும் என் கையைப் பிடித்து முறுக்கவில்லை. பீரோவைத் திறந்து நானே எடுத்துக் கொடுத்தேன். எங்கள் தெருவில் இது தப்பு என்று யாரும் நினைப்பதே இல்லை. ஒருத்தர் பெயரில் கேஸ் சிலிண்டர், ஒருத்தர் பெயரில் ரேஷன், மாமியார் ஆதாரில் மருமகளுக்கு சிம் கார்டு. பக்கத்து வீட்டுக்கு அரிவாள்மனை கொடுப்பது மாதிரி பெயரைக் கொடுப்பார்கள். ஆனால் நான் படித்தவள், நாலு பிள்ளைகளுக்குப் பாடம் சொல்கிறவள். என் புத்தி எந்த மேய்ச்சலுக்குப் போயிருந்ததோ தெரியவில்லை.

அவள் புறப்படுவதற்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை சர்ச்சிலிருந்து வந்ததும் அட்லஸைப் பாயில் விரித்து அவளுக்குக் குவைத் பாடம் எடுத்தேன். வாத்தியார் புத்தி. வளைகுடாவின் தலைமாட்டில், இராக்குக்கும் சவூதிக்கும் நடுவில் ஒரு துண்டு நிலம். நம் பழைய சித்தூர் ஜில்லாவைவிடக் கொஞ்சம்தான் பெரிசு. அதற்குள்ளே கடல் நுழைந்து ஒரு விரிகுடா, எதிரே ஒன்பது தீவு. ஆறு என்று ஒன்றுகூட இல்லை. முன்காலத்தில் குடிதண்ணீர் இராக்கிலிருந்து படகில் வந்தது, இப்போது கடலையே காய்ச்சிக் குடிக்கிறார்கள். எண்ணெய் கிடைப்பதற்கு முன்னால் அவர்களும் ஏழைகள்தான். முத்துக் குளித்தார்கள், நம் மலையாளக் கரையிலிருந்து தேக்கு வாங்கிப் போய்க் கப்பல் கட்டினார்கள், நம் ரூபாய்தான் அங்கே செல்லும். அப்புறம் மண்ணுக்கடியில் எண்ணெய். அப்புறம் சதாமின் படை வந்து போனபோது எண்ணெய்க் கிணறுகளைக் கொளுத்திவிட்டது, பகலிலேயே சூரியன் தெரியாமல் புகை.

முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டே கேட்டாள். எல்லாவற்றுக்கும் ம் கொட்டினாள். கடைசியில், "அங்க என் பொண்ணுகூடப் பேச விடுவாங்களா, அத்தச் சொல்லு" என்றாள். அட்லஸில் அது இல்லை.

அவள் போய்ச் சேர்ந்த வீடு ஜஹ்ரா என்கிற ஊரில். நான் உடனே தேடிப் படித்துவிட்டேன். அங்கே ஒரு செம்மண் கோட்டை இருக்கிறது, நூறு வருஷத்துக்கு முன்னால் பெரிய சண்டை நடந்த கோட்டை. வெள்ளிக்கிழமை வீட்டுக்காரர்கள் வெளியே போகும்போது அரைமணி நேரம் போன் கிடைக்கும் அவளுக்கு. முதலில் மகளோடு பேசுவாள், அப்புறம் என்னோடு. கோட்டையைப் பார்த்தாயா, கடலைப் பார்த்தாயா என்று நான் கேட்பேன். சமையலறை ஜன்னலைத் திறந்தால் எதிர்வீட்டு ஏசிப் பெட்டியின் முதுகு தெரிகிறது, அதுதான் குவைத் என்பாள். நான்கு வருஷம் கடலோர தேசத்தில் இருந்தவள் கடலைப் பார்க்கவில்லை. புழுதிக்காற்று அடித்தால் மட்டும் வெளியே வேலை உண்டாம், மாடிப்படி, கார், கேட் எல்லாவற்றையும் துடைக்க. பாலைவனத்தை நான் துடைக்கிறேன் என்று சிரிப்பாள்.

சிரித்துக்கொண்டேதான் அதையும் சொன்னாள். அங்கே எல்லாரும் அவளை என் பெயரால் கூப்பிட்டார்கள். முதல் மாதம் கூப்பிட்டால் திரும்பவே மாட்டாளாம். காது கேட்காத ஆளை அனுப்பிவிட்டான் ஏஜென்ட் என்று வீட்டுக்காரம்மா கத்தினாளாம். அப்புறம் பழகிக்கொண்டாள். மூன்றாவது வருஷம் ஒரு வெள்ளிக்கிழமை குரல் வேறுமாதிரி இருந்தது. உடம்பு சரியில்லையா என்றால் இல்லை என்றாள். ஊருக்கு வரக் கேட்டால் இன்னும் ஒரு வருஷம் என்கிறார்கள், பாஸ்போர்ட் அவர்கள் அலமாரியில் இருக்கிறது என்றாள்.  அப்புறம் சொன்னாள்:

"அக்கா, இங்க நான் எது பண்ணாலும் நீ பண்ண மாதிரிதான். நான் செத்தாலும் நீதான் சாவணும். அதுக்குள்ள என்னக் கூட்டிக்கினு போயிடுக்கா."

வாயைக் கழுவு என்று திட்டினேன். அந்த வாரமே ஏஜென்டைத் தேடிப் போனேன். ஆள் பெங்களூர் போயிட்டாரு என்றார்கள். அடுத்த முறை திருப்பதி போயிட்டாரு என்றார்கள். கலெக்டர் ஆபீசில் மனு கொடுக்கலாம் என்று எழுதினேன். எழுதும்போது கை நின்றுவிட்டது. அங்கே கஷ்டப்படுவது யார் என்று எழுதுவது? என் தங்கை என்றால் அவள் இந்தியாவை விட்டே போகவில்லை. நான் என்றால் மனுக் கொடுக்க வந்து நிற்பது யார்? கிழித்துப் போட்டேன். கிழித்திருக்கக் கூடாது. மாட்டிக்கொண்டால் எனக்கு வேலை போயிருக்கும், ஜெயிலேகூட வந்திருக்கும், அவ்வளவுதானே? அந்தப் பயம்தான் என் தங்கையைக் கொன்றது. வேறு எவரையும் நான் குற்றம் சொல்லவில்லை.

ஒன்பது மாதம் கழித்து ஒரு செவ்வாய்க்கிழமை காலையில் போன் வந்தது. நான் வகுப்பில் இருந்தேன். பேசியவர் நம் ஜில்லாக்காரர், அங்கே வேன் ஓட்டுகிறவர், இப்படி யாராவது செத்தால் ஊருக்கு அனுப்ப ஓடியாடுகிறவர். என் பெயரைச் சொல்லி, அவர்கள் வீடா என்று கேட்டார். ஆமாம் என்றேன். அந்தம்மா நேற்று சமையலறையில் விழுந்துட்டாங்க, ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோறதுக்குள்ள முடிஞ்சுபோச்சு, இருதயம்னு எழுதியிருக்காங்க என்றார். முப்பத்தொரு வயசில் என்ன இருதயம்? ஆனால் அங்கே காகிதத்தில் அவளுக்கு முப்பத்தைந்து. என் வயசு.

வெளியே வந்து மரத்தடியில் நின்று அவரிடம் எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். செத்தது அந்தப் பெயர்க்காரி இல்லை, அந்தப் பெயர் என்னுடையது, செத்தவள் என் தங்கை, அவள் பெயர் வேறு என்று.  அந்த மனுஷர் இப்படி ஒன்று இரண்டு முன்னாலும் பார்த்திருப்பார் போலும்.

"அம்மா, பேரு தப்புன்னு இப்ப சொன்னீங்கன்னா பாடி இங்கியே நின்னுடும்" என்றார். "விசாரணை முடியற வரைக்கும் ஐஸ்ல தான். மாசமோ வருஷமோ, எனக்கே தெரியாது. இந்தப் பேர்லயே போகட்டும்னா ரெண்டு வாரத்துல அனுப்பிடறேன். நீங்கதான் சொல்லணும்."

பூமியில் யாரிடமும் கேட்கக்கூடிய கேள்வியா இது? வீட்டுக்குப் போய் அம்மாவிடம் சொன்னேன். அம்மா, அவளை அங்கே ஐஸில் விடக் கூடாது என்று மட்டும் சொன்னாள். தங்கை மகளுக்குப் பதினொன்று முடிந்திருந்தது. அவள் ஸ்கூல் பையைக் கழற்றாமல் நின்றாள்.

உடலை அனுப்ப உறவுக்காரர்கள் கையெழுத்துப் போட்டு நோட்டரி முத்திரை வாங்கி அனுப்ப வேண்டும். கோர்ட்டுக்கு எதிரே ஒரு நோட்டரியிடம் போனோம். அவர் காகிதத்தைப் படித்துவிட்டு, செத்தவளுக்கு நீ என்ன வேண்டும் என்று தெலுங்கில் கேட்டார். தங்கை என்றேன். ஆதார் கேட்டார். அவளுடைய ஆதாரைக் கொடுத்தேன். முகத்தையும் படத்தையும் பார்த்தார், தலையாட்டினார். அவள் பெயரை எழுதிக் கையெழுத்துப் போட்டேன். சின்ன வயசில் அவளுடைய ராங்க் கார்டில் நைனா கையெழுத்தை நானே போட்டுக் கொடுத்திருக்கிறேன், கள்ளக் கையெழுத்து எனக்குப் புதிதில்லை. ஒரே இழுப்பில் போட்டு முடித்தேன்.  அந்த மேஜையில்தான் நாங்கள் முழுசாக இடம் மாறினோம். நான் குவைத்தில் செத்தேன், அவள் சித்தூரில் உயிரோடு நின்றாள்.

அன்றிலிருந்து நான் பள்ளிக்கூடத்துக்குப் போகவில்லை. செத்தவள் எந்த அட்டெண்டன்ஸில் கையெழுத்துப் போடுவாள்?

சென்னை ஏர்போர்ட்டில் சரக்கு வருகிற பக்கம் பெட்டியைக் கொடுத்தார்கள். மரப்பெட்டி. மேலே ஒட்டியிருந்த தாளில் என் பெயர், என் பிறந்த தேதி. சரிபார்த்து வாங்கிக்கொள்ளச் சொன்னார்கள். சரிபார்த்தேன். எழுத்துப் பிழை ஒன்றும் இல்லை. ஆம்புலன்ஸில் திருத்தணி, நகரி வழியாக வந்தோம். வழியெல்லாம் என் கை அந்தத் தாளின் மேல்தான் இருந்தது, அம்மா கண்ணில் படக்கூடாது என்று.

அடக்கத்துக்கு முன்னால் பாஸ்டர் ஐயா என்னைத் தனியாகக் கூப்பிட்டார். எங்கள் இரண்டு பேருக்கும் ஞானஸ்நானம் கொடுத்தவர் அவர்தான். பொய்ப் பெயர் சொல்லி ஒரு ஆத்துமாவை நான் அடக்கம் பண்ண மாட்டேன் என்றார். அவர் சொன்னது நியாயம்தான். ஆனால் வெளிநாட்டிலிருந்து வந்த உடல், அனுமதிச் சீட்டில் இருக்கிற பெயரும் ஆளும் சரியா என்று எழுதிக்கொண்டு போக ஒரு கான்ஸ்டபிள் கல்லறைத் தோட்டத்து கேட்டருகிலேயே நின்றிருந்தார். ஐயா சீட்டைப் பார்த்தார், கான்ஸ்டபிளைப் பார்த்தார், அப்புறம் தரையைப் பார்த்தார்.

பெயர் சொல்லி அழக்கூடாது என்று அம்மாவிடம் சொல்லி வைத்திருந்தோம். அம்மா வாயையே திறக்கவில்லை. மகளுக்கும் சொல்லிக் கொடுத்திருந்தோம், இல்லை, நான்தான் சொல்லிக் கொடுத்தேன், பாடம் மாதிரி இரண்டு தரம் திருப்பிச் சொல்ல வைத்தேன். கான்ஸ்டபிள் நல்ல மனுஷர், குனிந்து அவளிடம், "பாப்பா, செத்துப்போனவங்க உனக்கு இன்னா வேணும்?" என்று கேட்டார்.

"பெரியம்மா" என்றாள். தப்பில்லாமல் சொன்னாள். தன் அம்மாவின் பெட்டிக்குப் பக்கத்தில் நின்று சொன்னாள்.

பாஸ்டர் ஐயா புத்தகத்தைத் திறந்து, நம்முடைய அருமைச் சகோதரி என்று ஆரம்பித்து நிறுத்தினார். அங்கே அறுபது பேர் இருந்திருப்போம். ஞாயிற்றுக்கிழமை தவறாமல் எங்களைப் பார்க்கிறவர்கள். செத்தது யார், நிற்பது யார் என்று ஒருத்தர் பாக்கியில்லாமல் எல்லாருக்கும் தெரியும். ஐயா என் பெயரைச் சொன்னார். மண்ணுக்கு மண் என்றார். அறுபது பேரும் ஆமென் என்றார்கள், நானும் சொன்னேன்.

மண் தள்ளி முடித்து எல்லாரும் கலையும்போது மகள் என் முந்தானையைப் பிடித்து இழுத்தாள்.

"பெரியம்மா, எங்கம்மா பேரை எப்போ சொல்லுவாங்க?"

அந்தக் கான்ஸ்டபிள் இன்னும் போகவில்லை. பத்தடி தள்ளி பைக்கை உதைத்துக்கொண்டிருந்தார், வண்டி கிளம்பவில்லை.  அவள் காதருகில் குனிந்து, "பெரியம்மான்னு கூப்பிடாதே, பெரியம்மா செத்துட்டா, என்னை அம்மான்னு கூப்பிடு" என்றேன்.

அவள் கையை எடுத்துக்கொண்டாள். என்னை ஒரு பார்வை பார்த்தாள். அவள் என்னை அம்மா என்று கூப்பிடவில்லை. பெரியம்மா என்றும் அதற்குப் பிறகு கூப்பிடவில்லை. சாப்பாடு வேண்டுமென்றால் தட்டை எடுத்துக்கொண்டு வந்து நிற்கிறாள், ஸ்கூல் பாரத்தில் அம்மா கையெழுத்து வேண்டுமென்றால் பேனாவோடு என் முன்னால் வைத்துவிட்டுப் போகிறாள். இந்த வீட்டில் இப்போது என்னை யாரும் எந்தப் பெயராலும் கூப்பிடுவதில்லை.