பாம்பன்காரம்மா கேட்ட ஒரு கட்டம்

பழுப்புத்தாள் ஒட்டிய அந்தச் சுவர்தான் முதலில் நினைவுக்கு வருகிறது. இராமநாதபுரம் பேருந்து நிலையத்துக்குப் பக்கத்தில் ஒரு ஜவுளிக்கடையின் மாடியில் எங்கள் அலுவலகம் இருந்தது. துணி சுற்றித் தரும் தாளைக் கீழேயிருந்து கேட்டு வாங்கி, ஐந்து துண்டுகளை ஒட்டிச் சேர்த்து, சுவரின் ஒரு மூலையிலிருந்து மறு மூலை வரை பதித்திருந்தேன். மின்விசிறி சுற்றும்போதெல்லாம் அது விம்மித் தணியும். அதன்மேல் மஞ்சள் நிறத் துண்டுச்சீட்டுகள். ஒவ்வொன்றும் ஒரு வேலைப் படி. அவற்றுக்கிடையே நான் அடிக்கோல் வைத்து இழுத்த அம்புகள். அந்தத் தாளின் முன்னால், எழுதாத சீட்டு ஒன்றைக் கையில் வைத்துக்கொண்டு, "இங்கன ஒரு கட்டம் வேணும் சார்" என்று இரண்டு சீட்டுகளுக்கு நடுவே விரலை ஊன்றி நின்றவரை நான் பாம்பன்காரம்மா என்றே அழைத்துவந்தேன். அந்தச் சீட்டை ஒட்டுவதற்கு நான் அனுமதிக்கவில்லை.

இது 2008இல் நடந்தது. சென்னையில் பல ஆண்டுகள் வங்கிகளுக்கு மென்பொருள் எழுதிவிட்டு, அம்மாவின் உடல்நிலையை முன்னிட்டு ஊர் திரும்பி அந்தச் சிறிய நிறுவனத்தில் சேர்ந்திருந்தேன். எனக்குக் கீழே மூன்று பேர். அங்கே யாரும் யாரையும் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை, ஊர்ப் பெயர்தான். சிக்கல்காரர் விவசாயக் குடும்பத்துப் பையன், வாய்த்துடுக்கு அதிகம். ஏர்வாடிக்காரரை எல்லோரும் பாய் என்பார்கள். பாம்பன்காரம்மா மூவரிலும் மூத்தவர், கடலுக்குப் போகும் குடும்பம். காலை ரயிலில் வந்து மாலை ரயிலில் திரும்புவார். எழுதும் புரோகிராமைவிட அதற்கு முன் கேட்கும் கேள்விகள்தான் அவருக்கு அதிகம். ஒழுங்கை வழிபடுகிற எனக்கு அந்தக் கேள்விகள் சட்டைக்குள் போன மணல்போல உறுத்திக்கொண்டே இருக்கும்.

பாம்பன் தீவிலிருந்த ஒரு படகுச் சங்கம் எங்களிடம் ஒரு வேலையைக் கொடுத்திருந்தது. கடலுக்குப் போகும் ஒவ்வொரு விசைப்படகும் காலையில் ஆட்களின் பெயர்களைக் கொடுத்து அனுமதி டோக்கன் வாங்கும். அந்த டோக்கன் விவரம் ஒரு கணினியில் இருந்தது, படகுகளின் பதிவேடு வேறொன்றில், குடும்பங்களின் செல்பேசி எண்கள் மூன்றாவது ஒன்றில். மூன்றையும் வெவ்வேறு ஆட்கள் வெவ்வேறு காலத்தில் எழுதியிருந்தார்கள். ஒன்றின் பேச்சு மற்றொன்றுக்குப் புரியாது. ஒரு படகு கரை திரும்பாவிட்டால், அதில் யார் யார் இருக்கிறார்கள் என்ற பட்டியல் உரிய அலுவலகங்களுக்கும் வீடுகளுக்கும் உடனே போக வேண்டும். அதுவரை இந்த வேலையைச் சங்கத்தின் எழுத்தர் கையால் செய்துவந்தார்.

மூன்றையும் உடைத்து ஒன்றாகக் கட்டலாம் என்றார்கள் என் ஆட்கள். அவர்களுக்குத் தெரிந்த முறை அது. நான் எஸ்.ஓ.ஏ. என்ற கட்டுமான முறையை அறிமுகப்படுத்தினேன். எதையும் உடைக்க வேண்டாம். ஒவ்வொன்றும் தன் வீட்டில் இருக்கட்டும், வெளியிலிருந்து கேட்பதற்கு ஒரு வாசல் மட்டும் வைப்போம், அந்த வாசலுக்குப் பெயர்தான் சர்வீஸ் என்றேன். எந்த வாசலில் முதலில் கேட்பது, என்ன பதில் வந்தால் அடுத்து எங்கே போவது என்பதைத் தனியே வரைந்து நடத்துவது பி.பி.எம். பாய் கொஞ்சம் யோசித்துவிட்டு, "தர்காக் கந்தூரிச் சமையல் மாதிரி சார். அரிசி களையிறவருக்குக் கறி வெட்டுறது தெரியாது. ஒருத்தரு மட்டும் நடுவுல நின்னு, ஆச்சா, ஆச்சான்னு கேட்டுக்கிட்டே இருப்பாரு" என்றார். "பாய்க்கு எதச் சொன்னாலும் சோத்துலதான் போய் முடியும்" என்றார் சிக்கல்காரர். ஆனால் நான் தயாரித்து வைத்திருந்த அத்தனை படங்களையும்விட அந்தக் கந்தூரிதான் அவர்களுக்கு விளங்கியது.

முதல் நாள் பலகையில் எழுதிய இரண்டு விதிகளை நாட்குறிப்பிலும் எழுதி வைத்திருக்கிறேன். ஒன்று: நடக்க வேண்டியதை வரையும் முன் நடப்பதை வரை. இரண்டு: ஒவ்வொரு படிக்கும், அது தவறினால் பின்வாங்க ஒரு வழி வை. இரண்டையும் நானே சொன்னேன். இரண்டையும் நானே மீறினேன். அதை எழுதும்போது இன்னும் எழுந்து இரண்டு சுற்று நடந்துவிட்டு வர வேண்டியிருக்கிறது.

டோக்கனிலிருந்து பெயர்களை எடு, பதிவேட்டோடு ஒப்பிடு, பட்டியலை அனுப்பு. மூன்று சீட்டுகள், இரண்டு அம்புகள். முதல் அம்பின்மேல்தான் பாம்பன்காரம்மா விரலை வைத்தார்.

"டோக்கன்ல இருக்கது பேரு சார். படகுல ஏறுறது ஆளு. ரெண்டும் எப்பவும் ஒண்ணா இருக்காது."

"டோக்கன்ல இருக்கவங்கதானே போகணும்?"

"போகணும்தான். அங்கன வழக்கமாப் போறவக பேரத்தான் எழுதிக் குடுப்பாக. விடிஞ்சா ஒருத்தனுக்குக் காய்ச்சல், ஒருத்தனுக்கு வீட்ல சண்டை. அதுக்காகப் படகு நிக்குமா? கரையில சும்மா நிக்கிறவன, ஏலே நீ ஏறுலேன்னு ஏத்திக்கிட்டுப் போயிருவாக. திருப்பி டோக்கன் வரிசையில போய் நின்னா மத்த படகெல்லாம் முந்திரும்ல."

இதுவரை எழுத்தர் எப்படிச் சமாளித்தார் என்று கேட்டேன். படகு வரவில்லை என்றால் அவர் டோக்கனைப் பார்க்கவே மாட்டார், கரைக்கு நடந்து போய் நாலு பேரிடம் யார் ஏறினார்கள் என்று கேட்டுத்தான் எழுதுவார் என்றார். அந்தக் கட்டம்தான் வேண்டுமாம்: கரையில் ஆள் கேட்டு எழுதுதல். அது ஒரு மனிதர் செய்யும் படி. அதை நடுவில் வைத்தால் நான்கு நிமிடத்தில் முடிவது இரண்டு மணி நேரம் ஆகும். தப்பாக நடப்பதைச் சிஸ்டத்தில் ஏற்ற முடியாது என்று சொல்லிவிட்டேன்.

"அக்கா, நீங்க நடக்கிறதச் சொல்றீக. சாரு நடக்க வேண்டியத வரையிறாரு" என்றார் சிக்கல்காரர். பாய் சிரிப்பை அடக்கத் தலையைக் குனிந்துகொண்டார். பாம்பன்காரம்மா சிரிக்கவில்லை. வெற்றுச் சீட்டைத் தன் நோட்டுக்குள் வைத்து மூடினார். பட்டியல் அனுப்பும் படிக்குப் பின்வாங்கும் வழி ஏதும் நான் வைக்கவில்லை. தவறான பட்டியலை அனுப்பவே போவதில்லையே என்று நினைத்தேன்.

சங்கத்தில் அது ஓடத் தொடங்கிய இரண்டாம் மாதம், ஒரு படகு கடல் எல்லையைத் தாண்டி அக்கரை நாட்டுக் கடற்படையிடம் பிடிபட்டது. ஆறு பேர். செய்தி எட்டியதும் சங்கத்தில் பொத்தானை அழுத்தினார்கள். பட்டியல் எல்லா அலுவலகங்களுக்கும் போய்ச் சேர்ந்த தகவல் என் திரையில் வரிசையாக வந்தது. அன்றைய நாட்குறிப்பில் இப்படி இருக்கிறது: நான்கு நிமிடத்துக்குள் முடிந்தது. பிழை இல்லை.

மறுநாள் பாம்பன்காரம்மா பையைக்கூட இறக்கி வைக்காமல் என் மேசைக்கு வந்தார். "எங்க அண்ணன் வீட்ல கருவாட்டுக் கொழம்பு ஊத்திச் சாப்புட்டுக்கிட்டு இருக்கான் சார். அவன் பிடிபட்டுட்டான்னு அவன் போனுக்கே சேதி வருது."

சிக்கல்காரர் சிரித்துவிட்டார். உடனே நிறுத்திக்கொண்டார்.

"அண்ணனுக்கு அன்னைக்குக் காய்ச்சல். பக்கத்து வீட்டு அண்ணே ஏறிப் போயிருக்காக. அவுக பேரு உங்க லிஸ்ட்ல எங்கயும் இல்ல."

அவர் ‘உங்க லிஸ்ட்’ என்றார். அதுவரை எல்லாவற்றையும் ‘நம்ம’ என்றே சொல்வார்.

பிறகு நடந்தது எங்கள் திரைக்கு வெளியே. ஒவ்வொரு வாசலும் சரியாக வேலை செய்தது, ஒவ்வொன்றும் கேட்டதற்குச் சரியான பதிலைத் தந்தது, அதனாலேயே தவறு எங்கும் தடைபடாமல் கடைசி வரை போயிருந்தது. அங்கே பிடிபட்டிருந்த பக்கத்து வீட்டுக்காரர் தன் சொந்தப் பெயரைச் சொல்லியிருக்கிறார். இங்கிருந்து போன தாளில் அந்தப் பெயர் இல்லை. ஐந்து பேரை விட்டார்கள். ஆறாவது ஆள் யார் என்று எழுதிக் கேட்டார்கள். முன்பு எழுத்தர் தவறாக எழுதினால் அடித்துவிட்டுத் திருத்திக் கொடுப்பார். எங்கள் பட்டியல் நான்கு நிமிடத்தில் நான்கு அலுவலகங்களில் முத்திரை வாங்கியிருந்தது. திரும்ப வாங்க நாலு இடத்திலும் படியேற வேண்டியிருந்தது. ஐந்து பேர் வந்த பிறகு அவர் வருவதற்குப் பன்னிரண்டு நாட்கள் ஆயின. அந்தப் பன்னிரண்டு நாளும் நான் ஒரு நாற்காலியில் கால் மணி நேரம் சேர்ந்தாற்போல் உட்கார்ந்ததாக நினைவில்லை. காலையில் தீவு, மதியம் இராமநாதபுரம், மறுபடி தீவு. ரேஷன் அட்டை நகல், அடையாள அட்டை நகல், சங்கத்தின் கடிதம். அவருடைய மனைவி எல்லா அலுவலகங்களுக்கும் கூடவே வந்தார். என்னிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. படிக்கட்டுகளில் நான் ஒதுங்கி வழிவிட்டால் நான் ஏறும் வரை நின்று, பிறகு ஏறுவார்.

இடையில் ஒரு நாள் நான் அலுவலகம் திரும்பியபோது சுவரில் ‘கரையில் ஆள் கேட்டு எழுதுதல்’ என்ற அந்தச் சீட்டு ஒட்டப்பட்டிருந்தது. அம்புகள் அழித்து மாற்றி இழுக்கப்பட்டிருந்தன, அடிக்கோல் இல்லாமல். அதற்குக் கீழே இன்னொரு சீட்டு: அனுப்பியதைத் திரும்பப் பெறுதல். மூவரும் என் முகத்தைப் பார்க்காமல் வேலை செய்துகொண்டிருந்தார்கள். அந்த வாரமே படகு கிளம்பும் இடத்தில் எழுத்தர் நின்று ஆள் பார்த்து எழுதி, எண்ணிச் சங்கத்துக்குச் சொல்லும் முறை வந்தது. நிமிடங்கள் கூடின. யாரும் குறை சொல்லவில்லை.

இப்போது நான் பெரிய ஊர்களில் பெரிய நிறுவனங்களின் ஆட்களுக்கு இதையே கற்பிக்கிறேன். குளிரூட்டிய அறை, சுவர் முழுக்க வெள்ளைப் பலகை. வரைவதற்கு நல்ல நல்ல கருவிகள் வந்துவிட்டன. அம்புகள் தாமாகவே நேராக நிற்கின்றன. எவராவது எழுந்து "நடைமுறையில் அப்படி இல்லை" என்று சொன்னால் பேனாவை மூடி வைத்துவிடுகிறேன். அவர் சொல்லி முடிக்கும் வரை வேறு எதையும் வரைவதில்லை. யாரும் எழவில்லை என்றால்தான் மோசம். அறைக்குள் நடந்துகொண்டே இருக்கிறேன். பாம்பன்காரம்மா இதை அறிந்தால் என்ன சொல்வார் என்று எனக்குத் தெரியாது. அடுத்த ஆண்டே அவர் வேறு வேலைக்குப் போய்விட்டார். கடைசி வரை என்மேல் கோபம் இருந்ததா என்று நான் கேட்கவில்லை.

ஆறாவது ஆள் வந்து சேர்ந்த மறுநாள் பாம்பன்காரம்மா என்னை அந்த ஆளின் வீட்டுக்கு அழைத்துப் போனார். அவர் மெலிந்திருந்தார், புதிதாக முடி வெட்டியிருந்தார். மன்னிப்புக் கேட்க நான் நாலு வாக்கியங்கள் தயார்செய்து வைத்திருந்தேன். முதல் வாக்கியம் முடிவதற்குள் சிரித்தார்.

"உங்க லிஸ்ட்டுப்படி நான் ஊர்லதான சார் இருந்தேன். உன் பேரு இல்லன்னு அங்க சொன்னாக. அப்பறம் படுத்துக்கிட்டு அதத்தான் நெனப்பேன். ஏலே, நீ இங்கன இல்லலே, பாம்பன்ல வீட்ல இருக்கேன்னு."

எனக்குச் சிரிக்க வரவில்லை. தேநீர் கொண்டுவந்து வைத்த அவர் மனைவி அப்போதுதான் முதல்முறையாக என்னிடம் பேசினார்.

"இவுக பேரு தெரியுமா உங்களுக்கு?"

தெரியும் என்றேன். பன்னிரண்டு நாட்களாக எத்தனையோ கடிதங்களில் எழுதிய பெயர்.

"எழுதுங்க."

நோட்டை எடுத்து எழுதினேன். தாளைக் கிழித்துக் கொடுத்தேன். அவருக்கு வாசிக்கத் தெரியாது போலும், பாம்பன்காரம்மாவிடம் நீட்டினார்.

"நீ வாசி."

பாம்பன்காரம்மா வாசித்தார்.

"அப்பா பேரு போட்டுருக்காரா?"

"போட்டுருக்காரு மதினி."

"ஊரு?"

"பாம்பன்தான்."

"இன்னொருக்க மொதல்ல இருந்து வாசி."

பாம்பன்காரம்மா மறுபடி நிறுத்தி நிறுத்தி வாசித்தார். அந்தப் பெண் தாளைப் பார்க்கவில்லை. ஒவ்வொரு சொல்லுக்கும் தன் கணவரின் முகத்தைப் பார்த்துத் தலையசைத்துக்கொண்டிருந்தார்.