இன்னும் வந்து சேராத உர்கியா

அந்த ஜனவரியில் ஒரு வாரம் முழுக்க உர்கியா அக்கா வீட்டுக்குள்ளேயே கம்பளிக் கோட்டும் ரோமத் தொப்பியும் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். நான் படிக்கட்டு கழுவப் போனபோது கதவு திறந்திருந்தது.

“ஹீட்டர் எங்கக்கா?” என்றேன்.

“அதுக்குக் கால் முளைச்சுப் போயிடுச்சு. நீ உன் வாளியைப் பாரு.”

நான்காவது மாடியில் ஒரு நர்ஸ் பெண் கைக்குழந்தையோடு புதிதாய்க் குடிவந்திருந்தாள். மறுநாள் அவள் சொன்னாள்: முன்பு குடியிருந்தவர்கள் ஹீட்டர் ஒன்றை விட்டுவிட்டுப் போயிருந்தார்களாம். வீட்டுத் தரகர் அம்மா அதைக் கொண்டுவந்து வாசலில் வைத்து, “குப்பையில போடறதுக்கு முன்னாடி வேணுமா வேணாமான்னு வாயைத் திறந்து சொல்லு” என்று அதட்டிவிட்டுப் போனாளாம். முன்பு குடியிருந்தவர்களை எனக்குத் தெரியும். போகும்போது பல்பைக்கூடக் கழற்றிக்கொண்டு போனவர்கள்.

எங்கள் தராஸ் ஊர் ரயில் நிலையத்து வாசலில் ‘வீடு வாடகைக்கு’ என்று எழுதிய அட்டையைப் பிடித்துக்கொண்டு பெண்கள் வரிசையாய் நிற்பார்கள். மற்றவர்கள் சிரித்துக்கொண்டு நிற்பார்கள், கண்ணே என்பார்கள், பெட்டியை வாங்கிக்கொள்வார்கள். உர்கியா அக்கா மட்டும் கடைசியில், திருடனைப் பிடித்துக் கொடுக்க வந்தவள் போல நிற்பாள். இறங்கி வருகிறவனை மேலும் கீழும் பார்ப்பாள். “இந்த ஊருக்கு எதுக்கு வந்த? வீட்டுல சாபம் விட்டாங்களா?” இதுதான் அவள் முதல் வார்த்தை.

வீட்டைக் காட்டுவதும் அப்படித்தான். மற்ற தரகர்கள் வெயில் வரும் ஜன்னலைத் திறந்து காட்டுவார்கள். இவள் காற்று அறையும் ஜன்னலைத் திறப்பாள். குழாயைத் திருகித் துருத் தண்ணீர் வருகிறவரை கைகட்டிக் காத்திருப்பாள். “பாத்துக்கோ. அப்புறம் என்கிட்ட வந்து அழக்கூடாது.” ஆச்சரியம் என்னவென்றால், அவள் காட்டும் வீடுகள்தான் சீக்கிரம் போகும். இவ்வளவு கெட்டதைச் சொல்லிவிட்டாள், இதற்குமேல் மறைக்க என்ன இருக்கும் என்று ஜனங்கள் நினைத்துக்கொள்வார்கள்.

போன இலையுதிர்காலத்தில் அல்மாட்டியிலிருந்து ஓர் இளம் ஜோடி வந்தது. பையன் பெயர் ஷிங்கிஸ், பெண் மெருயெர்த். இரண்டு பேருக்கும் கம்ப்யூட்டரில் வேலை. எந்த ஊரில் இருந்தாலும் செய்யலாமாம்.

“அங்க நெரிசல், புகை, வாடகை. இங்க அமைதியா இருக்குமாமே அக்கா?” என்றான் பையன்.

“அமைதியா? கபரஸ்தான் பக்கத்துல ஒரு வீடு இருக்கு. காட்டட்டுமா?”

அந்தப் பெண் சிரித்தாள். பையன் விடவில்லை. “ரெண்டாயிரம் வருஷத்து ஊருன்னு சொல்றாங்களே?”

“ஆமா, ரெண்டாயிரம் வருஷம். அதுல ஒருநாள்கூட ஒருத்தனுக்கும் அந்தச் சாக்கடையை மூடணும்னு தோணல. தம்பி, நல்லாக் கேட்டுக்கோ. இது பெரிய ஊருமில்ல, கிராமமுமில்ல. கோவேறு கழுதை. எங்கம்மா குதிரைன்னு பெருமை பேசும், ஒரு குட்டி போடாது. காத்துகூட இங்க தங்கறதில்ல, கடந்துதான் போகுது.”

அவர்கள் அந்தக் கல்லறைப் பக்கத்து வீட்டையே எடுத்துக்கொண்டார்கள்.

வருகிறவர்களுக்கு ஒரு திட்டு என்றால் போகிறவர்களுக்கு இரண்டு. ரொட்டிக்கடைக்காரர் மகன் தலைநகர் அஸ்தானாவுக்குக் கிளம்பியபோது, “போ ராசா, போ. இருபதாவது மாடியில ஒரு கூண்டு குடுப்பாங்க. ரொட்டி வாங்கக் கீழ எறங்கறதுக்குள்ள அது காஞ்சு போயிருக்கும்” என்றாள். அவன் ஒரு வருஷத்தில் திரும்பி வந்தான். அதற்கும் சும்மா இருந்தாளா? “என்னடா, அஸ்தானாவை மூடிட்டாங்களா?”

ஊரில் பிறந்தவர்கள்கூட இப்படிப் பேச யோசிப்பார்கள். இவளுக்கு என்ன இவ்வளவு வாய் என்று கேட்டால் அதற்கொரு நியாயம் வைத்திருந்தாள். தான் இன்னும் இந்த ஊருக்கு வந்து சேரவில்லையாம்.

எருலிக் என்று கஸாக் மக்களான எங்களுக்குள் ஒரு முறை உண்டு. புதிதாய்க் குடிவந்தவர்களை, முன்பே இருக்கிறவர்கள் வீட்டுக்கு அழைத்து விருந்து வைக்க வேண்டும். அதைச் சாப்பிட்டால்தான் வந்தவர் வந்தவராவார். எங்கள் கட்டடம் ரசாயனத் தொழிற்சாலைக்காரர்களுக்காகக் கட்டியது. ஒரே வாரத்தில் எல்லா வீட்டுக்கும் ஆள் வந்துவிட்டது. எல்லா வீட்டிலும் நல்ல துணியை எடுத்து வைத்துக்கொண்டு அழைப்புக்காகக் காத்திருந்தார்கள். எல்லோரும் புதியவர்கள், அழைப்பதற்குக் கட்டடத்தில் பழையவர் ஒருவர்கூட இல்லை என்பது யாருக்கும் உறைக்கவில்லை. மேல்மாடிக்காரி கீழ்மாடிக்காரியை முறை தெரியாத பிறவி என்றாள். கீழ்மாடிக்காரி மேல்மாடியைக் கஞ்சக் கூட்டம் என்றாள். அந்த வாரத்துப் பகையிலேயே பிள்ளைகளை வளர்த்து, கட்டிக்கொடுத்து, கிழவிகளாகவும் ஆகிவிட்டார்கள். நான் பல வருஷம் கழித்து வந்தவள். அந்தப் படிக்கட்டில் ஒருவர் இறங்கும்போது இன்னொருவர் சுவரைப் பார்ப்பதை முதலில் ஏதோ நோய் என்றே நினைத்தேன்.

தொழிற்சாலை மூடியது. உர்கியா அக்காவின் கணவர் வேலை தேடி வேறு ஊருக்குப் போனார். அங்கே வேலையும் கிடைத்தது, வேறு ஒரு குடும்பமும் கிடைத்தது. அவள் ஒற்றை ஆளாய் மகனைப் படிக்க வைத்தாள்.

“என்னை யாருடி கூப்பிட்டுச் சோறு போட்டா? வண்டியில இருந்து எறங்கினவ, அப்படியே நிக்கறேன். நான் எப்படி இந்த ஊருக்காரி?” என்பாள். புதிதாய் வருகிறவர்களுக்கு அவளும் விருந்து வைத்ததில்லை. வந்து சேராதவளுக்கு அந்த உரிமை ஏது என்பாள். முடி முழுக்க நரைத்தும் இந்தப் பேச்சை விடவில்லை. வீம்புக்கும் ஓர் அளவு வேண்டாமா?

இந்த ஆண்டு பனி உருகத் தொடங்கியபோது அஸ்தானாவிலிருந்து மகன் அழைத்தான். மருமகளுக்கு இரட்டைக் குழந்தைகள். அவள் வேலைக்குத் திரும்ப வேண்டும், அம்மா வந்து தங்களோடேயே இருந்துவிட வேண்டும் என்றான். அக்கா ஒப்புக்கொண்டாள். அஸ்தானாவை ஒரு மணி நேரம் திட்டுவாள் என்று துடைப்பத்தைச் சாய்த்து வைத்துவிட்டு நின்றேன். அவள் திட்டவில்லை.

“வந்தவளுக்குத்தான் போறது கஷ்டம். எனக்கென்ன?” என்று மட்டும் சொன்னாள். குரலில் கேலியே இல்லை.

மறுநாள் விடியற்காலை ஃபஜ்ர் தொழுதுவிட்டு வெகுநேரம் விரிப்பிலேயே உட்கார்ந்திருந்தேன். இத்தனை வருஷம் எங்கள் தெருவில் இருந்தவள் ஒரு விருந்துகூடப் பார்க்காமல் போனால், நாளை அல்லாஹ் எங்களைத்தானே கேட்பான்? நான் அழைக்கலாமென்றால் நான் அவளுக்குப் பின்னால் வந்தவள். முறைப்படி செல்லாது. கட்டடத்துக்கு முந்தி இங்கே இருந்தவர் எதிர்ப்புறத்து மண்வீட்டு ஸார்சென் பெரியவர் ஒருவர்தான். அவரிடம் போனேன்.

“அந்தச் சிமெண்ட் டப்பாக்காரங்களா?” என்றார். “என் ஆப்பிள் தோப்பை வெட்டித்தான் அதைக் கட்டினாங்க. குடிவந்தவங்கள்ல ஒருத்தராவது தெருவைத் தாண்டி வந்து ஒரு சலாம் சொன்னாங்களா?”

“அவங்க நீங்க கூப்பிடுவீங்கன்னு இருந்திருக்காங்க, பெரியவரே.”

“நான் அவங்க வருவாங்கன்னு இருந்தேன்.” கொஞ்ச நேரம் தாடியைச் சொறிந்தார். “இன்னுமா காத்துக்கிட்டு இருக்காங்க?”

“ஒரு அக்கா இருக்காங்க. அடுத்த வாரம் ஊரை விட்டே போறாங்க.”

“ரோஷக்காரிதான்” என்றார், நல்ல குதிரையைப் பார்த்தவர் போல. “வெள்ளிக்கிழமை வரச் சொல்லு.”

நான் போய்ச் சொன்னதும் அக்கா எகிறினாள். “போறவளுக்கு எருலிக்கா? செத்த மய்யித்துக்கு மருதாணியா? உனக்கு வேற வேலையில்ல?” ஆனால் வெள்ளிக்கிழமை ஜும்ஆ தொழுகை முடிந்ததும் புதுத் தலைத்துணி கட்டிக்கொண்டு எனக்கு முன்னால் கிளம்பி நின்றாள்.

பெரியவர் வாசலிலேயே நின்றிருந்தார். “வா மகளே. புதுசா குடிவந்திருக்கியாமே. பயணமெல்லாம் சௌகரியமா இருந்துச்சா?”

“வழி கொஞ்சம் நீளம்” என்றாள் அக்கா. “தெருவைத் தாண்டணும்ல.”

பெரியவரின் மருமகள் சிரிப்பை அடக்க முடியாமல் அடுக்களைக்குள் ஓடிவிட்டாள். விரிப்பின் நடுவில் பெரிய தட்டு வந்தது. வேகவைத்த மாவுத் தகடுகள், மேலே இறைச்சி, வெங்காயச் சாறு. மதிப்பான விருந்தாளிக்கு வைக்கிற இடுப்பெலும்பைப் பெரியவர் அவள் பக்கமாய்த் திருப்பி வைத்தார். அவள் அதைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே இருந்தாள். பிறகு, “மாவு தடிமன்” என்று சொல்லிவிட்டு ஒன்று விடாமல் சாப்பிட்டாள்.

“உன் வீடு எந்தப் பக்கம்?” என்று கேட்டார் பெரியவர். அவள் ஜன்னல் வழியாகக் கை காட்டினாள். “அங்கதான் என் நல்ல மரம் நின்னுச்சு. காய் இவ்வளவு பெருசு.”

“அதான் என் அடுக்களைத் தரை ஒரு பக்கமாத் தூக்கிக்கிட்டே இருக்கு. வேரு இன்னும் சாகல போல” என்றாள். அதைச் சொல்லும்போது அந்த வேருக்காகப் பெருமைப்படுகிறவள் மாதிரி இருந்தது.

விருந்தாளிக்குத் தேநீரைக் கால் கிண்ணம்தான் ஊற்றுவோம். அப்போதுதான் மறுபடி மறுபடி ஊற்ற முடியும். நிறைய ஊற்றினால் எழுந்து போ என்று பொருள். பெரியவர் அவளுக்குத் தளும்பத் தளும்ப ஊற்றினார்.

“என்ன, தொரத்தறீங்களா?”

“ஊரை விட்டுப் போறவதானே நீ? கொறைச்சு ஊத்தினா பொய்யாப் போயிடும்.”

அக்கா அந்தக் கொதிக்கிற தேநீரை மூன்றே மடக்கில் குடித்தாள். கண்ணில் நீர் வந்துவிட்டது. கிண்ணத்தை நீட்டினாள். “இப்ப ஒழுங்கா ஊத்துங்க.”

பெரியவர் கால் கிண்ணம் ஊற்றினார். பிறகு கையேந்தித் துஆ செய்தார். அவள் ஆமீன் சொன்ன சத்தத்தில் வெளியே நாய் குரைத்தது.

இரண்டு நாள் கழித்து, பாதி கட்டிய பெட்டிகளுக்கு நடுவே விரிப்பைப் போட்டு, நர்ஸ் பெண்ணையும் அல்மாட்டி ஜோடியையும் அழைத்தாள். மேல்மாடிக்காரியும் கீழ்மாடிக்காரியும்கூட வந்து, ஒருவரையொருவர் பார்க்காமல் ஒரே தட்டில் சாப்பிட்டார்கள். “உரிமை வந்துடுச்சு. இனி போட்டுத்தானே ஆகணும். தலையெழுத்து” என்று முறைத்துக்கொண்டே பரிமாறினாள். ஷிங்கிஸ், “ஊரு நல்லாத்தான் இருக்கு அக்கா” என்று வாயை விட்டான். “நீ சாப்பிடு. உன்கிட்ட யாரு கேட்டா?” என்றாள்.

ரயிலில் ஏற்றிவிட நான் போயிருந்தேன். அட்டை பிடித்த பெண்கள் வரிசையாய்க் கை காட்டினார்கள். அவள் பதிலுக்கு, இப்படி இளித்துக்கொண்டு நின்றால் எவன் நம்பி வீடு எடுப்பான் என்று வரிசை முழுக்கத் திட்டி முடித்தாள். எனக்கோ அந்த இருபதாவது மாடிக் கவலை.

“அங்கயும் யாராச்சும் எருலிக்குக் கூப்பிடுவாங்கக்கா. கூப்பிட லேட்டாச்சுன்னு கோச்சுக்கிட்டு உக்காந்துடாத” என்றேன்.

ஒரு காலைப் படியில் வைத்தவள் திரும்பிப் பார்த்தாள்.

“கூப்பிட்டா கூப்பிட்டுட்டுப் போறாங்க. நான் சாப்பிட்டாச்சுன்னு சொல்லிடுவேன்.”