சத்தம் வராமல் அடிக்க ஒருவர்

பாரிஸின் லா சப்பலில் எனக்கு மேல்மாடியில் இருந்தவர் ஓர் ஆங்கிலேயர், ஜாஸ் டிரம்ஸ்காரர். ட்ரம்பெட்டும் சாக்சபோனுமாகப் பத்துப் பதினைந்து பேர் நின்று ஊதும் பெரிய குழுக்களில், எல்லோருக்கும் பின்னால் உட்கார்ந்தே ஆயுளைக் கழித்தவர். கடற்கரை நடன மண்டபங்கள், உல்லாசக் கப்பல்கள், கடைசியாகப் பாரிஸில் ஒரு கபரே. அந்தக் கபரே ஒலிப்பதிவுக்கு மாறியது. ஒலிப்பதிவு சம்பளம் கேட்பதில்லை, குடித்துவிட்டு வருவதுமில்லை. இவர் இங்கேயே தங்கிவிட்டார். அவர் சுவரில் தொங்கிய புகைப்படங்களில் பளபளக்கும் பித்தளையும் வெள்ளைக் கோட்டுகளும் நிறைந்திருக்கும். இது நான் என்று அவர் தொட்டுக் காட்டுவது ஒரு முழங்கையை.

வீட்டில் தலையணையில் தட்டித்தான் வாசிப்பார். எங்கள் கட்டடத்தின் கலாரசனை அவ்வளவுதான் தாங்கும்.

இரண்டாயிரத்துப் பத்துக்குப் பிறகு ஒரு கோடையில், கீழே மரக்கறிக் கடை வைத்திருந்தவர் தன் மகள் பெரியபிள்ளையானதைக் கொண்டாடும் சாமத்திய வீட்டுக்கு அவரை அழைத்துவரச் சொன்னார். நம் சனத்துக்கு ஜாஸ் பிடித்துவிட்டதா என்று எனக்குப் புல்லரித்தது.

"சும்மா கையை ஆட்டினாக் காணும் அண்ணை. சத்தமெல்லாம் கீபோட்டுக்குள்ளை கிடக்கு. மேடையிலை ஒரு வெள்ளைக்காரன் இருந்தா வீடியோ வடிவா வரும்."

டிரம்ஸ்காரரிடம் என் ஓட்டைப் பிரெஞ்சில் ஒளிக்காமல் சொன்னேன். அவர் கோபிக்கவில்லை. இத்தனை காலம் கேட்டார்கள், பார்க்கவில்லை. இனிப் பார்க்கட்டும் என்றார். ஒன்றே ஒன்று கேட்டார்: கடைசியில் ஒரு பாட்டு, உண்மையாக வாசிக்க வேண்டும். மனிதர்களுக்கு முன்னால் வாசித்துப் பல வருடங்களாம். கடைக்காரர் உடனே ஓம் என்றார்; அவர் எதற்கும் ஓம் என்பவர்.

புறநகர் லெ பிளாங்-மெனில் மண்டபத்தில் மகள் புகைமேகம் கிழித்து அன்னத்தில் வந்து இறங்கினாள். இவர் டிரம் தோலுக்கு ஓர் அங்குலம் மேலே குச்சிகளை நிறுத்தி நிறுத்தி, மிக அற்புதமாக ஒன்றும் செய்யாமல் இருந்தார். வீடியோக்காரர் சொக்கிப்போனார்.

அவருடைய பாட்டுக்கு நேரம் வந்தபோது சாப்பாட்டை அறிவித்தார்கள். பிரான்சில் தமிழரை ஒன்றுபடுத்தும் ஒரே அறிவித்தல் அது. மண்டபம் எழுந்து போனது. வீடியோக்காரர் சோற்றுத் தட்டுகளைப் படமெடுக்கப் போனார். கீபோட்காரருக்கும் பசி.

இவர் தனியே தொடங்கினார். சிம்பல் தட்டில் ஒரு முணுமுணுப்பு, ஒரு சறுக்கல், காலால் ஓர் உதை. பிறகு சட்டென்று வெறுமை. மறுபடி பிடித்தார், மறுபடி விட்டார். விட்ட இடங்களில் காற்று விறைத்து நின்றது.

கடைக்காரர் தட்டோடு வந்து என் பக்கத்தில் நின்றார்.

"ஏன் இடைக்கிடை நிப்பாட்டுறார்? மறந்து போனாரோ?"

"இல்லை. அந்த இடத்திலை மற்ற ஆக்கள் ஊதுகினம். இவர் அவைக்கு வழி விடுறார்."

அவர் டிரம்ஸுக்கு முன்னால் வெறுமையாகக் கிடந்த மேடையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"அப்ப அவையளுக்கும் சாப்பாடு எடுத்து வைக்கச் சொல்லட்டோ?"

கேட்டுவிட்டு, முன்வரிசைக் கதிரையொன்றை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். கையில் எடுத்த வடையைக் கடிக்கவில்லை. அடுத்த இடைவெளி எப்போது வரும் என்று காத்திருந்தார்.