நாற்பத்திரண்டாவது குறிப்பு: ஸ்ரீவில்லிபுத்தூர் வழியாக ராஜபாளையம்

போன ஆனி மாதம் ஒரு வியாழக்கிழமை, நானும் என் மனைவி செண்பகமும் மதுரையிலிருந்து இந்த இரண்டு ஊருக்கும் போய்வந்தோம். கோவிலுக்கும் இல்லை, கல்யாணத்துக்கும் இல்லை. செண்பகத்துக்கு வாசனை தெரியாமல் போய் அப்போது எட்டு மாதம் ஆகியிருந்தது.

ஐப்பசியில் ஒரு காய்ச்சல் வந்தது. போகும்போது மூக்கின் வேலையையும் எடுத்துக்கொண்டு போய்விட்டது. நாக்கு உப்பு, புளிப்பு, இனிப்பு சொல்லும். அதற்கு மேல் ஒன்றும் தெரியாது. கிராம்பையும் எலுமிச்சையையும் தினம் இரண்டு வேளை முகரச் சொன்னார் டாக்டர். முகர்ந்தாள். வரவில்லை.

செண்பகம் பழைய புத்தகக் கடைகளில் காஷ்மீர், கேரளம், இத்தாலி என்று ஊர் ஊராகச் சமையல் புத்தகம் வாங்கிச் சேர்ப்பவள். நான் பத்தாம் வகுப்பை இரண்டு தவணையில் முடித்தவன். "இத்தனை புத்தகம் படிச்சதுக்கு கலெக்டர் ஆயிருக்கலாம்" என்று கேலி செய்வேன். அந்தப் புத்தகங்களைப் பார்த்துத்தான் அவளே ஒன்று எழுத உட்கார்ந்தாள். அவள் பிறந்தது ராஜபாளையம். அங்கே அவர்கள் தெருவில் தமிழ் பேசும் வீடு, தெலுங்கு பேசும் வீடு, முஸ்லிம் வீடு என்று அடுத்தடுத்து இருக்கும். ஒரே காயை, ஒரே கீரையை ஒவ்வொரு வீட்டிலும் எப்படிச் சமைக்கிறார்கள் என்று அறுபது குறிப்புகள். தானே முகர்ந்து, ருசி பார்த்த பிறகுதான் ஒவ்வொன்றுக்கும் டிக் போடுவாள். நாற்பத்தொன்றோடு நின்றுபோனது. அச்சிட ஒத்துக்கொண்டவர் மாதாமாதம் விசாரித்துக்கொண்டிருந்தார்.

பிறந்த ஊர்ப் பக்கம் போனால் மூக்குக்குப் பழைய ஞாபகம் வரும் என்பது என் கண்டுபிடிப்பு. டாக்டர் சொல்லவில்லை. கோயம்புத்தூரில் இருக்கும் மகள், "அப்பா, அம்மாவுக்கு வீணா ஆசை காட்டாதீங்க" என்றாள். நான் என்றைக்கு அவள் பேச்சைக் கேட்டேன்?

மாட்டுத்தாவணியில் காலை 5.40 பஸ். ஸ்ரீவில்லிபுத்தூர் சுமார் 75 கிலோமீட்டர், 7.50க்கு இறங்கினோம். இடது பக்கம் உட்கார்ந்தால் வெயில் முகத்தில் அடிக்கும். நான் இடது பக்கம்தான் உட்கார்ந்தேன்.

பஸ் நிலையத்திலிருந்து பத்து நிமிட நடையில், பால்கோவா கிண்டும் ஒரு கடையின் பின்கட்டில் நிற்க அனுமதி வாங்கினேன். விறகடுப்பில் பெரிய வாணலி. பால் பாதியாகச் சுண்டி, தெரு முனை வரைக்கும் மணந்தது. செண்பகம் ஆவிக்குள் முகத்தை நீட்டினாள்.

"தள்ளி நில்லுங்கம்மா, தெறிக்கும்" என்றார் கிண்டுகிறவர்.

"செத்த நேரம்ணே" என்றாள். கண்ணை மூடிக்கொண்டு நின்றாள்.

"வருதா?" என்று கேட்டேன்.

"சூடு வருது."

கால் கிலோ வாங்கி ஒரு துண்டு வாயில் போட்டாள். "இனிப்பா இருக்கு. அம்புட்டுதான்" என்று மீதியை என்னிடம் கொடுத்தாள். வெட்கமில்லாமல் நான் தின்றேன்.

ராஜபாளையத்துக்கு 11 கிலோமீட்டர். டவுன் பஸ்ஸில் பெண்களுக்கு டிக்கெட் கிடையாது. எனக்குப் பன்னிரண்டு ரூபாய். இரண்டு பேரில் யாருக்கு மதிப்பு என்று அரசாங்கத்துக்கும் தெரிந்திருக்கிறது.

செண்பகத்தின் பிறந்த வீட்டை விற்று வருடங்கள் ஆகிவிட்டன. பக்கத்து வீட்டில் அவளோடு வளர்ந்த கமலா இன்னும் இருக்கிறார். வீட்டில் தெலுங்கு பேசுகிறவர்கள். "ரா அக்கா, ரா!" என்று வாசலுக்கு ஓடிவந்தவர், என்னைப் பார்த்து, "அண்ணே, வயித்தை மட்டும் முன்னாடி அனுப்பிட்டு நீங்க பொறவு வாரீகளா?" என்றார். செண்பகம் சிரித்தாள். அன்றைக்கு அவள் சிரித்தது அந்த ஒரு தடவைதான்.

நாற்பத்திரண்டாவது குறிப்பு, கமலா வீட்டுப் புளிச்சகீரைக் கடைசல். செண்பகம் அடுப்புப் பக்கத்திலேயே முக்காலி போட்டு உட்கார்ந்து, நோட்டை மடியில் வைத்துக்கொண்டு, விழுகிற ஒவ்வொரு பொருளையும் பார்த்துக்கொண்டிருந்தாள். நான் கூடத்தில் மின்விசிறிக்குக் கீழே.

12.30க்கு இலை போட்டார்கள். சூடான சோறு, கீரை, நல்லெண்ணெய். செண்பகம் ஒரு வாய் எடுத்து, மெதுவாக மென்றாள். கமலாவும் நானும் அவள் முகத்தையே பார்த்தோம்.

"கமலா, பெருங்காயம் கொஞ்சம் கூடிருச்சோ?" என்றாள்.

வாசனை வந்துவிட்டது என்று நினைத்தேன். வாயில் போட்டதை நான் மெல்லக்கூட இல்லை. "ஆமா, லேசாத் தூக்கல்தான்" என்றேன் உடனே. கமலா என்னைப் பார்த்தார். பிறகு தலையைக் குனிந்துகொண்டு, "ஆமாக்கா, கை தவறிருச்சு" என்றார்.

செண்பகம் இலையில் இருந்ததை முழுக்கச் சாப்பிட்டாள்.

2.15க்கு ராஜபாளையம் பஸ் நிலையத்தில் மதுரை பஸ்ஸுக்குக் காத்திருந்தோம். நோட்டைத் திறந்து என்னிடம் நீட்டினாள். அவள் கையெழுத்து: எங்கள் வீட்டில் புளிச்சகீரைக்குப் பெருங்காயம் போடுவோம், பூண்டு கிடையாது. கமலா வீட்டில் பூண்டு உண்டு, பெருங்காயம் சேர்ப்பதே இல்லை.

"இன்னைக்கும் அவ போடலை. பக்கத்துலயே உக்காந்து பாத்தேன். வேணும்னுதான் கேட்டேன்."

"செண்பகம், உனக்கு வந்துருச்சுன்னு நினைச்சு..."

"ஒங்களுக்கு மூக்கு நல்லாத்தானே இருக்கு? நீங்க சொல்றதை வச்சு மிச்சத்தை முடிக்கலாமான்னு பாத்தேன்." நோட்டைத் திரும்ப வாங்கி மூடினாள். "அவ எங்கிட்டப் பொய் சொன்னதே இல்லை. இனிமே எல்லாரும் நான் சொல்றதுக்குத்தான் தலையாட்டுவீக."

அங்கேயே அச்சகக்காரரைப் போனில் கூப்பிட்டு, புத்தகம் வராது என்று சொல்லச் சொன்னாள். சொன்னேன். நாற்பத்தொன்று போதும், மீதியை வேறு ஆள் வைத்து எழுதிக்கொள்ளலாம் என்றார் அவர். செண்பகம் கையை அசைத்தாள். வேண்டாம் என்றேன்.

இந்த வழியாகப் போகிறவர்களுக்கு: பால்கோவா கிண்டுவதைப் பார்க்க எட்டு மணிக்குள் போங்கள். டவுன் பஸ் அடிக்கடி உண்டு, ஆட்டோ தேவையில்லை. ஒரு நாள் போதும். இரண்டு பேருக்கு, சாப்பாடு கமலா தயவில், ஐந்நூறு ரூபாய்க்குள் முடிந்தது. வாசனை போனவர்களைக் கூட்டிப்போகிறவர்களுக்குச் சொல்ல என்னிடம் ஒன்றே ஒன்றுதான் இருக்கிறது. அவர்கள் கேட்டால், முதலில் உங்கள் வாயில் இருப்பதை மென்று பாருங்கள். பிறகு பதில் சொல்லுங்கள்.

நோட்டு அலமாரியில், மற்ற ஊர்ப் புத்தகங்களுக்கு நடுவே இருக்கிறது. வீட்டில் சமையல் வழக்கம்போல் நடக்கிறது. செண்பகம் பரிமாறுகிறாள். எப்படி இருக்கிறது என்று என்னிடம் கேட்பதில்லை.